ஐந்து மாதக் குழந்தைக்கு நான் விற்ற ஹெல்மெட்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதப் பௌர்ணமிக்கு மறுநாள். பகல் பன்னிரண்டு மணி இருக்கும். திண்டிவனத்தில், செஞ்சிக்குப் போகும் சாலையில், பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே எங்கள் கடை. முன்பக்கம் நான் ஹெல்மெட், மழைக்கோட்டு எல்லாம் விற்பேன். பின்பக்கம் என் கணவர் பைக் சீட் கவர் தைப்பார். வாசலில் கயிறு கட்டி ஹெல்மெட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருப்போம். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பொழுது போகாமல் அவற்றையே பார்த்துக்கொண்டு நிற்பது வழக்கம். அதனால் ஒரு இளம்பெண் தோளில் குழந்தையோடு வெகுநேரம் எங்கள் கடையையே பார்த்தபோது நான் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் சாலையைத் தாண்டி அவளே வந்துவிட்டாள்.

"அக்கா, கொழந்தைக்குப் போடற ஹெல்மெட் இருக்குதா?"

பைக்கில் முன்னால் உட்காரும் பிள்ளைகளுக்கான ஹெல்மெட்டுகளைக் காட்டி, என்ன வயசு என்று கேட்டேன்.

"இவனுக்குத்தான். அஞ்சு மாசம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவன் எந்த வண்டிய ஓட்டப் போறான்?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. குழந்தையின் தலையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

அன்று காலையில்தான் மொட்டை அடித்திருந்தார்கள். சந்தனம் இன்னும் முழுதாகக் காயவில்லை. பின்மண்டையில் வலது பக்கம் மட்டும் தட்டையாக இருந்தது. உருட்டிய மாவைப் பலகையில் வைத்து ஒரு பக்கம் அமுக்கினால் எப்படி இருக்கும், அப்படி. அந்தப் பக்கத்துக் காது, மறு காதைவிடக் கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தது. மற்றபடி குழந்தை கொழுகொழுவென்று இருந்தான். என் கடையில் தொங்கிய பளபளப்பையெல்லாம் பார்த்துக் கையை ஆட்டினான்.

அவளே சொன்னாள். முந்தின நாள் சொந்தக்காரர்களோடு திருவக்கரை கோயிலுக்குப் போய் இரவு தங்கி, காலையில் மொட்டை போட்டிருக்கிறார்கள். முடி இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. முடி இறங்கியதும் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். புள்ளையை ஒரே பக்கமாகப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாள் என்று பெரிய நாத்தனார் எல்லார் எதிரிலும் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் வேனில் பாண்டிச்சேரி பக்கம் போய்விட்டார்கள். இவள் மட்டும் குழந்தையோடு பஸ்ஸில் ஊருக்குத் திரும்புகிறாள். வீடு அனந்தபுரத்திலிருந்து இன்னும் உள்ளே. கணவர் நெல் அறுக்கும் இயந்திரம் ஓட்டுகிறவர், அப்போது வெளியூரில் இருந்தார்.

"போன்ல பார்த்தேன்க்கா. வெளிநாட்டுல இந்த மாதிரி புள்ளைங்களுக்கு ஹெல்மெட் போட்டு வுடறாங்க. நாலஞ்சு மாசத்துல தலை உருண்டையா ஆயிடுதாம். அங்க நின்னுக்கினு இருந்தேன், உங்க கடையில தொங்கறதைப் பார்த்ததும் அந்த நெனப்பு வந்திச்சு."

ஹெல்மெட் போட்டால் தலை உருண்டையாகுமா? பன்னிரண்டு வருடமாக ஹெல்மெட் விற்கிறேன், எனக்கு இது தெரியவே தெரியாது. உடனே ஆர்வம் தொற்றிக்கொண்டது. எப்படிப் போடுகிறார்கள், தூங்கும்போதும் போடுவார்களா, கண்ணாடி இருக்குமா என்று அவளைத் துருவித் துருவிக் கேட்டேன். அவள் பார்த்தது அரை நிமிட வீடியோ. அவளுக்கு என்ன தெரியும்? அப்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் இரண்டு பிள்ளை வளர்த்தவள், கடை முழுக்க ஹெல்மெட் வைத்திருக்கிறவள், எனக்குத் தெரியாத ஹெல்மெட்டா என்று ஓர் எண்ணம்.

இருப்பதிலேயே சின்னதாக, வாத்துப் படம் போட்ட மஞ்சள் ஹெல்மெட் ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தேன். மூக்கு வரை இறங்கியது. உள்ளே ஸ்பாஞ்ச் வைத்துச் சரிசெய்து தருகிறேன் என்று கணவரைக் கூப்பிட்டேன். அவர் குழந்தையையும் ஹெல்மெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "டாக்டர் யார்கிட்டயாவது கேட்டுக்கினு போடலாமில்ல?" என்று மெதுவாகச் சொன்னார். "அவங்கதான் கேக்கறாங்களே, நீங்க வெட்டிக் குடுங்க" என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

எங்கள் தொழிலில் முதல் பாடம், ஹெல்மெட் தலையில் ஆடக் கூடாது என்பது. தட்டையான இடத்தில்தான் இடைவெளி அதிகமாக இருந்தது. அங்கே இரண்டு மடிப்பு ஸ்பாஞ்ச் வைத்து, பசை தடவி ஒட்டினேன். மற்ற இடங்களில் ஒவ்வொரு மடிப்பு. போட்டுப் பார்த்தால் கச்சிதமாகப் பிடித்தது. குழந்தை வீறிட்டு அழுதான். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று சொல்லி, தாடை வாரைக் கூட எப்படி இறுக்குவது என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். அவள் முகத்தில் அப்போதுதான் ஒரு தெளிவு வந்தது. "ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிவிட்டு செஞ்சி பஸ்ஸில் ஏறிப் போனாள். பெயரைக் கேட்கவில்லை. போன் நம்பரும் வாங்கவில்லை.

இரண்டு மணி வாக்கில் எனக்குத் தெரிந்த ஒரு மேடம் ஹெல்மெட் கண்ணாடி மாற்ற வந்தார். விழுப்புரம் அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி கொடுப்பவர். திண்டிவனத்தில்தான் வீடு, தினமும் ரயிலில் போய் வருவார். அன்று விடுமுறை. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "மேடம், ஹெல்மெட் போட்டா கொழந்தைங்க தலை உருண்டை ஆயிடுமாமே, நெஜமா?" என்று கேட்டேன்.

"ஆமா, அப்படி ஒரு வைத்தியம் இருக்கு. ஏன் கேக்கறீங்க?"

எனக்கு ஒரே பெருமை. மத்தியானம் ஒரு குழந்தைக்குச் செய்து கொடுத்தேன் என்று நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல மேடத்தின் முகம் மாறியது. எந்த ஹெல்மெட் என்று கேட்டார். அதே அளவில் இன்னொன்றை எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கி எடை பார்த்தார். எங்கெங்கே ஸ்பாஞ்ச் வைத்தேன் என்று கேட்டார். தட்டையான பக்கம் இரண்டு மடிப்பு என்று சொன்னேன்.

மேடம் என் பில் புத்தகத்தின் பின் அட்டையில் பேனாவால் ஒரு வட்டம் வரைந்தார். அதற்குள் ஒரு பக்கம் தட்டையாக இன்னொரு வட்டம். இரண்டுக்கும் நடுவே தட்டையான பக்கம் மட்டும் இடைவெளி இருந்தது. அந்த இடத்தைப் பேனாவால் தட்டினார்.

"அக்கா, இந்த எடம் காலியா இருக்கணும். இதுக்குத்தான் அந்த ஹெல்மெட்டே. கொழந்தையோட தலை மாசா மாசம் வளருது. பொடைச்சிருக்கிற பக்கம் ஹெல்மெட் தொட்டுக்கினு இருக்கும், அதனால அந்தப் பக்கம் வளராது. காலி எடத்தைப் பார்த்து வளரும். நீங்க அந்தக் காலி எடத்துலதான் ஸ்பாஞ்சை அடைச்சிருக்கீங்க."

அவர் அதோடு நிறுத்தவில்லை. அந்த வைத்தியத்துக்கான ஹெல்மெட் ஒவ்வொரு குழந்தைக்கும் தலையை அளந்து தனியாகச் செய்வது, கையில் எடுத்தால் எடையே தெரியாது, காற்று போக வழி இருக்கும் என்றார். நான் கொடுத்தது விபத்துக்கான ஹெல்மெட். ஐந்து மாதக் கழுத்து அந்தக் கனத்தைத் தாங்காது. மல்லாக்கப் படுக்க வைத்தால் பின்னால் இருக்கும் கனம் தலையைத் தூக்கி, முகவாயை மார்பில் அமுக்கிவிடும். தாடை வார் வேறு. மூச்சு விடக் கஷ்டப்படும்.

"போன் பண்ணி உடனே கழட்டச் சொல்லுங்க" என்றார்.

நம்பரை வாங்கவே இல்லை என்றேன்.

ஸ்கூட்டியை எடுத்தேன். கணவர் தானும் வருவதாகச் சொன்னார். கடையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் கிளம்பினேன். அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை. மேடம் வட்டம் வரைந்த அந்த அட்டையையே கிழித்து, அதில் தன் நம்பரை எழுதிக் கொடுத்து, எதுவானாலும் போன் செய்யச் சொன்னார். திங்கட்கிழமை அந்தப் பெண்ணை விழுப்புரத்துக்கு அழைத்து வரவும் சொன்னார்.

செஞ்சி வரை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. வழியெல்லாம் ஒரே கணக்குதான். பஸ் எப்போது செஞ்சி போயிருக்கும், அங்கே அடுத்த பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நின்றிருப்பாள், பஸ்ஸில் போட்டிருப்பாளா, வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று பையில் வைத்திருப்பாளா. பையில்தான் வைத்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அனந்தபுரம் கடைத்தெருவில் ஷேர் ஆட்டோக்கள் நின்றிருந்தன. மொட்டை அடித்த கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாளா என்று முதலில் இருந்த ஓட்டுநரிடம் கேட்டேன்.

"ஹெல்மெட் மாட்டிக்கினு ஒரு கொழந்தை வந்துச்சே, அதுவா? என் வண்டியிலதான் எறக்கி வுட்டேன். வண்டியில ஒரே சிரிப்பு. ஆட்டோவுக்கே ஹெல்மெட்டான்னு கேட்டுக்கினு வந்தாங்க" என்று சொல்லிவிட்டு அவரும் சிரித்தார்.

கொஞ்சம் ஜல்தியா வழி சொல்லுங்க என்றேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, சிரிப்பை நிறுத்திவிட்டு, ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு முன்னால் போனார். நான் பின்னாலேயே போனேன்.

சாலையோரம் முழுக்க மல்லாட்டைச் செடியை, அதான் வேர்க்கடலையை, பிடுங்கிக் காயவைத்திருந்தார்கள். பால் சொசைட்டியைத் தாண்டி மூன்றாவது வீட்டைக் காட்டினார் ஆட்டோக்காரர். அவள் வெளிப்பக்கம் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, "இன்னாக்கா, இவ்ளோ தூரம்?" என்று எழுந்தாள்.

"கொழந்தை எங்கம்மா?"

"தூங்கறான். ரொம்ப நேரம் அழுதுக்கினே இருந்து இப்பதான் தூங்கினான்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் உள்ளே போய்விட்டேன். புடவைத் தூளியில் குழந்தை கிடந்தான். தலையில் அந்த மஞ்சள் ஹெல்மெட். மேடம் சொன்னது போலவே முகவாய் மார்பில் அழுந்தியிருந்தது. முகமெல்லாம் வேர்த்து, சந்தனம் கரைந்து காதோரம் வழிந்திருந்தது. மூச்சு விடும்போது மூக்கடைத்தவன் மாதிரி ஒரு சத்தம். இழுத்து இழுத்து வந்தது.

அவசரத்தில் தாடை வார் கழன்று வரவில்லை. நான்தானே அதை இறுக்கக் கற்றுக்கொடுத்தேன்! இரண்டாவது முறை கழன்றது. ஹெல்மெட்டை எடுத்துவிட்டு அவனைத் தூக்கி நிமிர்த்தித் தோளில் போட்டேன். ஒரு பெரிய மூச்சு வாங்கினான். அப்புறம் அழுதான். அந்த அழுகையைப் போல நிம்மதி தந்த சத்தத்தை அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

மேடத்துக்குப் போன் போட்டேன். உதடு நீலமாக இருக்கிறதா, நன்றாக அழுகிறானா, பால் குடிக்கிறானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நன்றாக இருக்கிறான் என்று தெரிந்ததும் அவரும் மூச்சு விட்டது போனில் கேட்டது. ஆனாலும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்றார். ஆட்டோக்காரரே எங்களை அழைத்துப்போனார். அங்கே இருந்த டாக்டர் மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம் என்று சொன்னார்.

அவள் வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவால் வரைந்த வட்டத்தைக் காட்டினேன். ஸ்பாஞ்சை எங்கே வைக்கக் கூடாதோ அங்கேயே வைத்துவிட்டேன் என்றேன். அவள் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கத்துவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது இதுதான்.

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு பஸ் ஏறிப் போயிருப்பேனேக்கா?"

தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இவன் தலைக்கு இன்னாதான் பண்றது?" என்றாள். அதற்கு மட்டும் என்னிடம் ஒரு வழி இருந்தது. திங்கட்கிழமை விழுப்புரம் வருகிறாயா, நானும் வருகிறேன் என்றேன். வருவாள் என்று நம்பிக்கை இல்லாமல்தான் வீடு திரும்பினேன்.

வந்தாள். விழுப்புரம் பஸ் நிலையத்தில் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள்.

முதலில் குழந்தைகள் டாக்டர் பார்த்தார். மண்டை ஓட்டு எலும்புகள் நேரத்துக்கு முன்பே ஒட்டிக்கொண்டிருந்தால் அது வேறு வியாதி, அதற்கு வைத்தியமும் வேறு என்றார். தலையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, இது அது இல்லை என்றார். பிறகு மேடம் அளந்தார். தையல்காரர் டேப் மாதிரி ஒன்றால் சுற்றளவு, பெரிய இடுக்கி மாதிரி ஒன்றால் குறுக்கே இரண்டு பக்கமும். பிறகு ஒரு கிலுகிலுப்பையை ஆட்டினார். வலது பக்கம் ஆட்டினால் குழந்தை சட்டென்று திரும்பினான். இடது பக்கம் ஆட்டினால் கண் மட்டும் போனது, தலை பாதியில் நின்றுவிட்டது.

"பார்த்தீங்களா?" என்றார் மேடம். கழுத்தில் ஒரு பக்கத் தசை இறுகியிருக்கிறது, அதனால்தான் இவன் எப்போதும் வலது பக்கமே திரும்பிப் படுக்கிறான் என்று விளக்கினார். படுத்த பக்கமே படுத்தால், பிஞ்சு மண்டை அந்தப் பக்கம் தட்டையாகிவிடுமாம். பிறந்ததிலிருந்தே இப்படி இருக்கிற குழந்தைகள் நிறைய உண்டாம்.

அவள் மெதுவாகக் கேட்டாள். "அப்ப நான் போட்டு வெச்சதால இல்லியா மேடம்?"

"நீ எந்தப் பக்கம் போட்டிருந்தாலும் அவன் அந்தப் பக்கம்தாம்மா திரும்பியிருப்பான். உன் மேல தப்பில்ல."

அவள் முந்தானையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

கழுத்துத் தசையை எப்படி நீவி நீட்டுவது என்று மேடம் அவள் கையைப் பிடித்தே செய்து காட்டினார். தூங்கும்போது மல்லாக்கத்தான் போட வேண்டும், தூளி வேண்டாம். விழித்திருக்கும்போது, நீ பக்கத்தில் இருக்கும்போது மட்டும் குப்புறப் போடு. வெளிச்சம் வரும் பக்கம் அவனுக்கு இடது பக்கமாக இருக்கட்டும், கூப்பிடுவதும் இடது பக்கத்திலிருந்தே கூப்பிடு. இப்படிச் செய்து பார்ப்போம், போதவில்லை என்றால் ஹெல்மெட்டை யோசிப்போம் என்றார். நடுநடுவே நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். அளவு எத்தனை நாளைக்கொரு முறை எடுப்பீர்கள், பெரியவர்களுக்கு இது ஏன் சரிப்படாது, அந்த ஹெல்மெட்டுக்கு உள்ளே என்ன வைப்பார்கள். "உங்களுக்கும் ஒரு ஓ.பி. சீட்டு போட்டுடலாமா அக்கா?" என்று மேடம் கேட்டதும், அவள் முதல் முறையாகச் சிரித்தாள்.

இரண்டு மாதத்தில் கழுத்து நன்றாகத் திரும்பியது. தலை மட்டும் கொஞ்சம்தான் சரியாகியிருந்தது. டாக்டர் ஹெல்மெட் போடலாம் என்று சொல்லி, சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். வெளியூர் வேலைக்குப் போயிருந்த அவள் கணவரும் வந்துவிட்டார். மூன்று பேருமாகச் சென்னை போய்த் தலையை அளவெடுக்கக் கொடுத்தார்கள். ஹெல்மெட் தயாரானதும் போய் மாட்டிக்கொண்டு திரும்பும்போது திண்டிவனத்தில் இறங்கி நேராக என் கடைக்கு வந்தார்கள்.

அந்த ஹெல்மெட்டை நான் எப்படிப் பார்த்தேன் தெரியுமா? பக்கத்துக் கடைக்காரர் வேடிக்கை பார்க்க வந்ததைக் கூட கவனிக்கவில்லை. நீல நிறம், மேலே திறந்திருந்தது. தாடை வார் இல்லை, பக்கவாட்டில் ஒரே ஒரு பட்டி. அவள் கழற்றி என் கையில் கொடுத்தாள். காலி டப்பாவைத் தூக்கியது போல இருந்தது. உள்ளே விரலை விட்டுத் தடவினேன். ஒரு பக்கம் மெத்தென்று தட்டுப்பட்டது, மறுபக்கம் விரல் பள்ளத்தில் இறங்கியது. என் கணவரைக் கூப்பிட்டு அவர் விரலையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "வெட்டினவன் தொழில் தெரிஞ்சவன்" என்றார்.

குளிக்க வைக்கும் நேரம் போக நாள் முழுக்க அது குழந்தையின் தலையில் இருந்தது. முதல் வாரம் வேர்வை நாற்றம், சிவந்த தடம் என்று அவளுக்குப் பேஜாராக இருந்தது. தினமும் கழற்றித் துடைத்து, தோலில் புண் வருகிறதா என்று பார்ப்பாள். பஸ்ஸில் எல்லாரும் கேட்பார்களாம். பெரிய நாத்தனாரும் கேட்டாராம். ஒவ்வொருவருக்கும் அவள் சலிக்காமல் விளக்கிச் சொல்வாளாம். கூச்சமாக இல்லையா என்று கேட்டேன். "எனக்குத்தான் இப்ப தெரியுமேக்கா, சொல்றதுக்கு இன்னா?" என்றாள்.

ஒரு வயது தாண்டிச் சில மாதங்களில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார்கள். தலை முழு உருண்டை என்று சொல்ல மாட்டேன். தடவிப் பார்த்தால் வலது பக்கம் லேசாகத் தெரியும், முடிக்கு மேல் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இப்போது அவன் ஓடுகிறான். போன மாதம் அம்மாவோடு கடைக்கு வந்து, தொங்கிக்கொண்டிருந்த ஹெல்மெட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுப் போனான்.

அன்றுவரை பன்னிரண்டு வருடத்தில் கடைக்கு வந்த ஒருவரிடமும் "எனக்குத் தெரியாது" என்று நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்கிறேன் என்றும் சேர்த்துச் சொல்கிறேன். சிலர் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும். தெரியாத ஒன்றைப் பற்றி ஆசை தீரக் கேட்பது வேறு, தெரிந்தவள் போல அதில் கை வைப்பது வேறு என்பதை ஒரு குழந்தையின் மூச்சுக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டவள் நான். நான் போய்ச் சேரும்வரை அந்தக் குழந்தை எனக்காகப் பொறுத்துக்கொண்டான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.